முன்பணம்

றெஜினா ஜெர்மனியிலிருந்து அனுப்பியதை
தெங்காப்பட்டணம் கடையில் கலர் பிரிண்ட் எடுத்தேன்.
பக்கத்துக்குப் பத்து ரூபாய், பதினாலு பக்கம்.
ஏழு ராத்திரி, ரைன் நதி.
பாசலில் ஏறி ஆம்ஸ்டர்டாமில் இறங்கணும்.

பெல்லார்மின் கண்ணாடி தேடாமல்
தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.
"வலை இல்லாத போட்டுல
ஏறி இருக்கதுக்கு எதுக்குப் பைசா?"

முப்பத்தொரு வருஷம்
கொச்சியிலிருந்து நாற்பது நாள், ஐம்பது நாள் என்று
போய் வந்த ஆள் கேட்கலாம்.
நான் ஏறிய படகு ஒன்றுதான்.
பாலம் வருவதற்கு முன்னால்
இரயுமன்துறைக் கடத்து வள்ளம்.
நாலு நிமிஷம். அதிலும் பாதி நேரம்
சில்லறை தேடிக்கொண்டிருந்தேன்.

கீழ்த்தட்டு அறை விலை குறைவு.
ஜன்னல் உண்டு, திறக்காது,
கண்ணுக்கு நேரே தண்ணீர்.
"ஐஸ் போட்டு மீன் அடுக்குத எடம் அது,
நான் படுக்கமாட்டேன்" என்றார்.
பிறகு அவரே மகளுக்கு வாய்ஸ் அனுப்பினார்:
எஞ்சின் எத்தனை குதிரை?
அடி எவ்வளவு தாழும்?
லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒண்ணா,
இல்ல பேருக்கு ரெண்டு தொங்குதா?
"அப்பா, சாப்பாட்டு மெனு அனுப்பியிருக்கேன், அதப் பாருங்க"
என்று பதில் வந்தது.

ஒன்பதாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு சங்கதி.
ஆகஸ்டில் ஆறு வற்றினால்
பயணிகளை பஸ்ஸில் ஏற்றி
அடுத்த கப்பலுக்குக் கொண்டுபோவார்களாம்.
வாசித்துச் சொன்னதும் சிரித்தார்,
வெற்றிலை புரையேறுகிற மாதிரி.
"நம்ம பொழிமுகத்துல மண்ணு ஏறுனப்போ
எவன் பஸ் விட்டான்?"
சிரிப்பு அதோடு நின்றது.

விசாவுக்குத் தாள் சேர்த்தேன்.
பாங்க் கணக்கு, கல்யாண சர்ட்டிபிக்கேட்,
காது இரண்டும் தெரிகிற போட்டோ.
இதற்கு முன் வெளிநாடு போனதுண்டா என்றால்
என்ன எழுத, என்று கேட்டேன்.
"டீகோ கார்சியா எழுது.
பன்னிரண்டு நாள்.
விசா கேக்கல, அவனே வந்து கூட்டிட்டுப் போனான்."

அன்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
சாப்பாட்டு மேசையில் செல்போன் வெளிச்சத்தில்
வரைபடத்தின் நீலக் கோட்டை
விரலால் தடவிக்கொண்டிருந்தார், மேலிருந்து கீழே.
"ரெண்டு கரையும் தெரியுமா?"
தெரியும்.
"எப்பவும்?"
ஏழு நாளும் தெரியும், ஊர் ஊரா வரும்.
"ராத்திரியிலயும்?"
விளக்கு இருக்குமே.

அந்த நவம்பரில்
கவிழ்ந்த போட்டின் முதுகில் மூணு நாள் கிடந்தவர்
எந்தத் திசையில் கரை என்று நினைத்தார் என்பதை
இதுவரை சொன்னதில்லை.
நானும் பங்குமேடை வயர்லெஸ் பக்கத்தில்
எதை எண்ணிக்கொண்டிருந்தேன் என்று சொன்னதில்லை.
தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் கப்பல்காரன் பாரத்தை
அவரே நிரப்பி வைத்திருந்தார், பெரிய எழுத்தில்.
சைவமா அசைவமா: மீன்.
நீச்சல் தெரியுமா: கேள்வியின் மேல் ஒரு கோடு.
அவசரத்துக்குத் தகவல் சொல்ல வேண்டியவர்:
என் பெயர். வீட்டு நம்பர்.

முப்பத்தொரு வருஷமாக
எல்லா டோக்கனிலும் எழுதிய கை.
அது தன் பாட்டில் எழுதியிருக்கிறது.

பேனா வாங்கி அடித்தேன்.
"நான் ஒங்ககூட கப்பல்லல்லா இருப்பேன்?"

அப்படியானால் கரையில் யார்?
தம்பி சகாயதாஸ் கடலில்.
பங்குச் சாமிக்கு மே மாசம் மாற்றல்.
மகள் எங்களோடு வருகிறாள்.
எதிர்வீட்டு ஜெசிந்தா
போன் எடுப்பாள், ஆனால் கேட்டதும் மயங்கி விழுவாள்.

அந்தக் கட்டம் இன்னும் காலி.
முன்பணம் போய்விட்டது,
மேல்தட்டு, திறக்கிற ஜன்னல்.
இருநூறு யூரோ கூடுதல் என்றதற்கு
அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.